அசல் பாஸ்போர்ட்டுடன் நேரில் வரவும்

பிப்ரவரி 4

மேன்மை தாங்கிய அக்காவின் சமூகத்துக்கு,

இதனால் சகலருக்கும், குறிப்பாகக் கடல் கடந்து வாழும் உடன்பிறந்தோருக்கும், அறிவிக்கப்படுவது யாதெனில்: சென்ற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, நம் குடும்ப வரலாற்றிலேயே முதன்முறையாக, உன் தம்பி ஒரு காரியத்தை நேரத்துக்குச் செய்து முடித்தான். அறிவிப்பு முற்றிற்று. பொதுமக்கள் கலைந்து செல்லலாம்.

நீ கலையாதே, விவரம் இருக்கிறது. ஆளை இரண்டாக அறுத்து ஒட்டுகிற மாயவித்தைக்காரர் ஒருவர் இங்கே வருகிறார். நான்கு மணிக்கு இணையத்தில் முன்பதிவு திறந்தார்கள். நான்கு ஐந்துக்கு ஒரு நாற்காலி மிச்சமில்லை. என்னிடம் ஐந்து டிக்கெட்! பள்ளிக்கூடம் விட்டதும் நகல் எடுக்கும் கடையில் போய் உட்காருகிறேன் என்று எழுதியிருந்தேனே, அங்கேதான். கடைக்கார அண்ணன் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இது விரலாடா, இல்ல தையல் மெஷின் ஊசியா?" என்றார். கணக்கு வாத்தியார் என்னை வகுப்புக்கு வெளியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ரெண்டு கெடைக்குமா?" என்று கேட்டார். மூன்று வருடமாக எனக்கு முட்டை போட்டே பழகிய கை, என் முன்னால் நீண்டது. டிக்கெட் உலகில் இனி என்னால் ஆகாதது இல்லை.

அப்பாவுக்கு பஸ்ஸில் வழித்தடம் மாற்றிவிட்டார்கள். மேட்டுப் பாதை, இடுப்பு வலி. அம்மா தைப்பது அதே பள்ளிச் சீருடைகள், அதே கழுத்து வலி. நான் வலி தருபவன் என்பதால் எனக்கு வலி இல்லை.

அம்மா கேட்கச் சொன்னது. இது என் விளையாட்டு இல்லை. "ரெண்டு வருஷம்னு சொல்லித்தானே போனா? மூணரை ஆச்சு. ஒரு போன் பண்ணா என்னவாம்?" குழந்தை இருக்கும் வீட்டில் வேலை செய்பவர்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே சட்டம் என்று எடுத்துச் சொன்னேன். "அப்ப அவங்க கையில இருக்கறது என்ன, பொம்மையா?" என்றாள். பதில் தெரிந்தால் எழுது.

உன் கடிதங்களையும் என் கடிதங்களையும் மேடம் ஆசையாகப் படிப்பார் என்றாயே? ஆகவே, இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும் மேடத்துக்கும் என் பணிவான வணக்கம். எழுத்துப் பிழைகளைத் திருத்தி அனுப்பலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

இப்படிக்கு,
ஐந்து டிக்கெட் அதிபதி
வாலு


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் மிகவும் நலம். வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது. தனி அறை இருக்கிறது. அம்மாவிடம் சொல், எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் கடிதத்தை மேடம் சத்தமாகப் படித்துச் சிரித்தார். சாரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்.

ஜூன் மாதம் சாரும் மேடமும் குழந்தையோடு வெளிநாடு போகிறார்கள். என்னையும் அழைத்துப் போகிறார்கள். அங்கே ஒரு பழைய தானியக் கிடங்கின் சுவரில், நானூறு வருடங்களுக்கு முன்னால் வரைந்த பெரிய ஓவியம் இருக்கிறது. ஆற்றங்கரையில் படகுக்காக நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். படகு மட்டும் படத்தில் இல்லை. உலகம் முழுவதிலுமிருந்து அதைப் பார்க்க வருகிறார்கள். ஆட்கள் விடும் மூச்சில் சாயம் உதிர்கிறது என்பதால் கொஞ்சம் பேரைத்தான் உள்ளே விடுவார்களாம். மேடம் இரண்டு தடவை அந்த ஊருக்குப் போயும் டிக்கெட் இல்லாமல் வாசலோடு திரும்பிவிட்டார். சரியாக மூன்று மாதம் முன்னால்தான் பதிவைத் திறப்பார்கள். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

"உன் தம்பிதான் பெரிய ஆளாச்சே, அவனையே எடுத்துத் தரச் சொல்லேன்" என்று மேடம் சொன்னார். சார் சிரித்தார். பிறகு, "ஏன், சொல்லு" என்றார்.

ஜூன் 12, வெள்ளிக்கிழமை. சார், மேடம், நான் என மூன்று பேர். குழந்தைக்கு ஐந்து வயது ஆகாததால் டிக்கெட் வேண்டாம். பணம் அங்கே வாசலில் கட்டினால் போதும். பெயர்களும் பாஸ்போர்ட் எண்களும் சாரே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். என் எண்ணும் அதில் இருக்கிறது. என் பாஸ்போர்ட்டைச் சார் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறார்.

எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்புடன்,
அக்கா

(தம்பி, நான்தான் மேடம். பிழை இரண்டு இடத்தில் இருந்தது, மன்னித்துவிட்டேன். டிக்கெட் விஷயத்தில் மட்டும் ஏமாற்றிவிடாதே!)


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கும், பிழை பொறுத்த மேடத்துக்கும்,

இங்கே நலம். அங்கேயும் நலம்தான் என்று நீயே மூன்று முறை எழுதிவிட்டதால் நான் கேட்க வேண்டிய வேலை மிச்சம். மூன்று முறை என்று எண்ணியது நான் இல்லை, அம்மா. ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்திவிட்டு உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தாள். "டேய்னு ஒரு வார்த்தை இல்லையே இதுல" என்றாள். உண்மைதான். 'அன்புள்ள தம்பிக்கு' என்று நீ என்னை விளித்ததைப் பார்த்து, வேறு யாருடைய தபாலோ நம் வீட்டுக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சவாலை ஏற்றுக்கொண்டோம். மார்ச் 12, ஓவியம் இருக்கும் ஊரில் காலை எட்டு மணி. எங்களுக்கு மாலை நேரம். கடையில் வேகமான கணினியை எனக்கென்று ஒதுக்கச் சொல்லிவிட்டேன். என் நண்பன் கண்ணாடி (சோடாபுட்டி போட்டிருப்பானே, அவன்) கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வான். மேடம், பெட்டியில் துணி அடுக்க ஆரம்பிக்கலாம். படம் காட்டுவதில் எனக்கு நிகர் இங்கே யாருமில்லை என்று அப்பாவே சொல்வார்.

இப்படிக்கு,
மூன்று டிக்கெட்டின் வருங்கால அதிபதி
வாலு


மார்ச் 13

வெற்றி! வெற்றி! வெற்றி! ஆளுக்கு ஒன்று.

அக்கா, நான் நலம். என் விரல்கள்தான் சற்றுக் களைப்பாக இருக்கின்றன. மொத்தம் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. கண்ணாடி 'ஒன்று' என்று சொல்லி வாயை மூடுவதற்குள் பெயர்கள் மூன்றும் உள்ளே. பாஸ்போர்ட் எண்களைச் சீட்டைப் பார்க்காமலே அடித்தேன்; ஒரு வாரமாக மனப்பாடம். கடையில் கூடியிருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். கடைக்கார அண்ணன், "உனக்குக் கடை வாசல்ல சிலை வைக்கணும்டா" என்றார். காக்கைக்கு வசதியாக இருக்கும் என்று தன்னடக்கத்தோடு மறுத்துவிட்டேன்.

மூன்று தாளும் இதோடு இருக்கின்றன. காலை 10.15. உறுதி எண் கீழே வலப்பக்கம்.

விதிகளை அவர்களுடைய பக்கத்திலிருந்து அப்படியே எழுதுகிறேன். சாரிடம் காட்டு, பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. ஒரு தடவைக்கு இருபத்தைந்து பேர். கால் மணி நேரம். ஒவ்வொருவரும் தன் அசல் பாஸ்போர்ட்டைத் தன் கையிலேயே வைத்து, தனித்தனியாக வாசலில் காட்ட வேண்டும். நகல் செல்லாது. ஒருவருக்காக இன்னொருவர் காட்டக் கூடாது. முகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நுழைவது ஒரு தெரு, வெளியேறுவது பின்பக்கம் வேறு தெரு. நுழைந்த வழியாக யாரும் திரும்ப முடியாது. ஓர் ஓவியத்துக்கு இத்தனை கெடுபிடி! எங்கள் தலைமையாசிரியர் அறைக்குக்கூட இவ்வளவு இல்லை.

அம்மா உன்னை எடை பார்த்து எழுதச் சொன்னாள்.

வாலு


மார்ச் 30

டேய் வாலு,

உறையில் வேறு கையெழுத்தைப் பார்த்துப் பயந்திருப்பாய். இந்தக் கடிதத்தைச் சாரும் மேடமும் பார்க்கவில்லை. இந்த வீட்டுத் துணிகளை எடுத்துப் போய்ச் சலவை செய்து தரும் அம்மா ஒருவர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். அழுக்குத் துணிக்குள் வைத்து அவரிடம் கொடுக்கிறேன். வேறு தாள் கிடைக்கவில்லை. பின்பக்கம் இருக்கும் பச்சை மாடு குழந்தை வரைந்தது.

நான் நலமாக இல்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன், எழுதி ரொம்ப நாள் ஆயிற்று.

அவர்கள் வெளியே போகும்போது கதவை வெளியில் பூட்டிக்கொண்டு போகிறார்கள். தனி அறை என்று எழுதினேனே, அது துணி வைக்கும் அறை. ஜன்னல் இல்லை. இரண்டு வருடம் முடிந்ததும் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். சார் கோபப்படவே இல்லை. "போகலாமே. தாராளமா போ. எப்படிப் போவே?" என்றார். சொல்லிவிட்டு இரும்புப் பெட்டிப் பக்கம் பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை கேட்டபோது நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. கை இப்போது சரியாகிவிட்டது.

விமானத்தில் போகும்போது பாஸ்போர்ட் நாலையும் சாரே நீட்டுவார். என் தோளில் கை வைத்தபடியே நிற்பார்.

ஆனால் உன் தாளில் எழுதியிருக்கிறதே, அவரவர் அசல், அவரவர் கையில் என்று. சார் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். மேடம், "அதுக்கென்ன, வாசல்ல குடுத்துட்டு அப்புறம் வாங்கிக்கோங்க" என்றார். மேடத்துக்கு அந்த ஓவியத்தின் மேல் அவ்வளவு பைத்தியம். மூன்றரை வருடத்தில் பாஸ்போர்ட் என் கைக்கு வரப்போவது அந்த ஒரு கால் மணி நேரம்தான்.

மேடத்தின் பயணப் புத்தகத்தில் வரைபடம் பார்த்தேன். பின்பக்கத் தெருவிலிருந்து நம் நாட்டுத் தூதரகம் பதினோரு நிமிட நடை. ஓடினால் இன்னும் சீக்கிரம்.

ஒன்றே ஒன்று செய். மூன்று பேரும் 10.15க்கு ஒன்றாக உள்ளே போனால் பயனில்லை. என்னுடையதை மட்டும் 10 மணிக்கு மாற்று. குழந்தையை மேடத்திடம் கொடுத்துவிட்டு நான் முதலில் போவேன். அவர்கள் முன்வாசலில் காத்திருக்கும்போது நான் பின்வாசலில் இருப்பேன். மேடம் பார்க்கும்படி தனியாக ஒரு கடிதம் போடு: ஓவிய அரங்கத்தார் ஒரு டிக்கெட்டை மட்டும் கால் மணி முன்னால் மாற்றிவிட்டார்கள் என்று.

அப்பா அம்மாவிடம் சொல்லாதே. அப்பா இங்கே போன் செய்வார். சார்தான் எடுப்பார். பிறகு என்னை அழைத்துப் போக மாட்டார்கள், பூட்டிவிட்டுப் போவார்கள்.

எனக்கு எழுதுவதைச் சலவை அம்மாவின் முகவரிக்குப் போடு. போன் எண் கேட்டேன், பாவம், பயந்துவிட்டார். துணி மடிப்புக்குள் காகிதம் வைத்துக் கொடுப்பதே அவருக்குப் பெரிய தைரியம்.

நீ அந்த டிக்கெட்டை எடுத்தாயே, அன்றைக்குத்தான்டா நான் முழுதாக ஒரு தூக்கம் தூங்கினேன்.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

கடிதம் கிடைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. பச்சை மாடு என் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதை யாரும் திறக்க மாட்டார்கள், நானும்கூட.

மாற்றிவிட்டேன். உனக்கு 10 மணி. புதுத் தாள் இதோடு இருக்கிறது. மேடத்துக்கும் தனியாக எழுதிவிட்டேன், அரங்கத்தாரைத் திட்டுவது போல.

உன் கைக்கு என்ன ஆயிற்று? எந்தக் கை?

கவலைப்படாதே. எல்லாம் சரியாக நடக்கும். நான் இருக்கிறேன் இல்லையா?

வாலு


மே 2

டேய் வாலு,

தாள் பத்திரமாக வந்து சேர்ந்தது. மேடத்துக்கு நீ எழுதியதும் வந்தது. 'கூட்டத்தைக் கூறுபோடத் தெரியாத கூடத்தார்' என்று எழுதியிருந்தாயாமே, மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். சார் சிரிக்கவில்லை. தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "உன்னை மட்டும் ஏன் தனியா மாத்தினாங்க?" என்றார். தெரியாது என்றேன். எனக்குக் குரல் நடுங்கவில்லை, அதுவே ஆச்சரியம்.

இடது கை. இப்போது பரவாயில்லை, குழந்தையைத் தூக்க முடிகிறது.

தினமும் மாடிப்படியை இருபது தடவை ஏறி இறங்குகிறேன், குழந்தைக்கு விளையாட்டு காட்டுவது போல. ஓட வேண்டி வந்தால் மூச்சு வாங்கக் கூடாது. சலவை அம்மா தன் பழைய கான்வாஸ் ஷூவைக் கொடுத்திருக்கிறார். எனக்கு இரண்டு விரல் பெரிசு. முன்னால் துணி திணித்துக்கொண்டால் போதும்.

ஜூன் 10 காலை விமானம். அதற்கு முந்திய செவ்வாய்தான் சலவை அம்மா வரும் கடைசி நாள், காலை ஒன்பது மணிக்கு.

ஒன்று கேட்க வேண்டும். பழைய தாளிலும் புதுத் தாளிலும் உறுதி எண் ஒன்றாகவே இருக்கிறதே, அப்படித்தான் வருமா? நேரம் மாறினாலும் எண் மாறாதோ என்னவோ. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

தூதரக வாசலில் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். பெயரைச் சொன்னதுமே அடுத்த வரி மறந்துவிடுகிறது.

அக்கா


மே 14

அக்கா,

நான் நலம். பரிட்சை முடிந்துவிட்டது, பரிட்சைக்கு நான் எப்படி இருந்தேன் என்பது வேறு.

எண் ஒன்றாகத்தான் வரும். ஆமாம், அப்படித்தான்.

சும்மா கேட்கிறேன், வேறு எங்கேயாவது பாஸ்போர்ட் உன் கைக்கு வருமா? தங்கப்போகும் விடுதியில் கேட்பார்களே? கடையில்? வங்கியில்? அரங்கத்துக்குள் போகாமல், வாசலிலேயே, கைக்கு வந்த உடனே ஓட முடியுமா? அங்கே வாசலில் காவலர்கள் இருப்பார்களா? எல்லாம் சும்மா ஒரு யோசனைதான். நீ எழுதிய திட்டமே நல்ல திட்டம்.

நான் தினமும் மாலை கடைக்குப் போகிறேன். பள்ளிக்கூட வேலை.

கண்ணாடி என்னோடு பேசுவதில்லை. அது வேறு விஷயம்.

படி ஏறும்போது மெதுவாக ஏறு. கைப்பிடியைப் பிடித்துக்கொள்.

தம்பி


மே 27

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் மிகவும் நலம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

பயண ஏற்பாடுகள் நன்றாக நடக்கின்றன. குழந்தைக்குப் புதுத் தொப்பி வாங்கியிருக்கிறார்கள். சார் எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிபார்ப்பவர் என்பதால், உன் தாள்களில் இருக்கும் உறுதி எண்ணைக் குறிப்பிட்டு அரங்கத்தாருக்கு எழுதியிருக்கிறார். என் டிக்கெட்டையும் 10.15க்கே மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறார். குடும்பமாகப் போகும்போது பிரிந்து போகக் கூடாது என்று சார் சொல்கிறார். அவர்களிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் தெரியும்.

மாடிப்படி விளையாட்டு வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்புடன்,
அக்கா

(தம்பி ரொம்பக் கெட்டிக்காரன் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஒருநாள் நேரில் பார்க்க ஆசை. சார்.)


ஜூன் 6, சனிக்கிழமை

அக்கா,

விரைவுத் தபால் கவுண்டரில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மூன்று நாள் ஆகும் என்கிறார்கள், செவ்வாய் காலை. "ஒன்பதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டேன். "செவ்வாய் காலைப்பா" என்றுதான் திரும்பச் சொன்னார்கள். சலவை அம்மா கிளம்புவதற்குள் இது அவர் கைக்குப் போய்விட வேண்டும்.

டிக்கெட்டை மறந்துவிடு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நீ செய்ய வேண்டியதைப் படி.

அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே என்றாய், தெரியும். நேற்று சார் கையால் எழுதிய அந்த இரண்டு வரியைப் பார்த்த பிறகு என்னால் தனியாக வைத்திருக்க முடியவில்லை. அப்பா டிப்போவிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அடி விழும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"ஏப்ரல்லேருந்து."

அப்பா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அம்மா பச்சை மாட்டுத் தாளை வாங்கிப் படித்தாள். "இதுதான் அவ எழுதினது. மத்ததெல்லாம் அவ எழுதலே, எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். அப்புறம் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இன்று காலை அப்பா நீங்கள் போகும் ஊரிலிருக்கும் நம் தூதரகத்துக்கு போன் செய்தார். விடுமுறை நாள், அவசர எண்ணில் ஒரு பெண் அதிகாரி பேசினார். "வீட்டுக்குள்ள போக எங்களுக்கு அதிகாரம் இல்லைங்க. ஆனா விமான நிலையத்துல இறங்கினா, முத்திரை குத்தற கவுண்டருக்கு வந்துதானே ஆகணும்?" என்றார். உன் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொண்டார். அந்த நாட்டு அதிகாரிகளிடம் பேசிவிடுவார்கள். கவுண்டரில் உன்னை மட்டும் தனியாகக் கூப்பிடுவார்கள். சார் கையை எடுக்காவிட்டாலும் எடுக்க வைப்பார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: இவர்களோடு உன் விருப்பத்தோடுதான் போகிறாயா என்று.

இல்லை என்று சொல்.

அதிகாரி இதைத்தான் அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "பல பேர் பயத்துல எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிடறாங்க. சொல்லிட்டா நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்." அதனால்தான் இந்தக் கடிதம். கவுண்டருக்குப் பின்னால் தூதரகத்துப் பெண் ஒருவர் நிற்பார், அப்பாவின் பெயரைச் சொல்வார். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் அரங்கத்தாரின் பதில் வந்துவிட்டால், என்னைத் திட்டு. சாருக்கு முன்னால் நன்றாகத் திட்டு. உருப்படாதவன், பொய்யன், உன்னையும் சேர்த்து ஏமாற்றியவன் என்று அழுது சொல். நம்புவார்கள். உண்மைதானே. டிக்கெட் போனாலும் பயணம் போகாது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள நீ அவர்களுக்கு வேண்டும். விமானம் ஏறினால் போதும். பத்தாம் தேதி நீ அந்தக் கவுண்டருக்கு வந்துவிட வேண்டும்.

படித்ததும் கிழித்துவிடு. சலவை அம்மாவிடமே கொடுத்து நனைத்துவிடச் சொல்.

இனி, மார்ச் 12.

கடைக்கு ஒன்பது பேரைக் கூட்டி வந்திருந்தேன், அக்கா. என் வீரத்தை நேரில் பார்க்க. கணக்கு வாத்தியாரையும் அழைத்தேன், நல்ல வேளை அவர் வரவில்லை. அந்த ஊரில் எட்டு அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது நாற்காலி மேல் ஏறி நின்று பேச ஆரம்பித்தேன். 'இந்தச் சுட்டு விரலுக்காக ஓர் ஓவியமே காத்திருக்கிறது' என்று, முதல் நாள் உட்கார்ந்து எழுதித் தயார் செய்த பேச்சு. நேரம் ஆனதும் கண்ணாடி சொன்னான்: "டேய், முதல்ல அழுத்துடா. அப்புறம் பேசு." நான் அவனைக் கையமர்த்தினேன். எல்லோரும் சிரித்தார்கள், அதனால் இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கொண்டேன். இறங்கி உட்கார்ந்தபோது திரையில் எல்லாக் கட்டங்களும் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தன. மூன்று நிமிடம்தான். யாரும் மேசையைத் தட்டவில்லை. ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். எனக்கு வியர்ப்பதைப் பார்த்து அண்ணன் மின்விசிறியை வேகமாக வைத்தார்.

மேடத்திடம் தோற்றுப்போனேன் என்று எழுத வெட்கமாக இருந்தது. வெறும் வெட்கம், அக்கா. வேறு காரணமே இல்லை. மூன்று தாளையும் நானே செய்தேன். விதிகள் மட்டும் நிஜம். உன் கடிதம் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். யாராவது ஒருவர் வராமல் போனால் ஓர் இடம் கிடைக்கும் என்று தினமும் போய்த் தேடினேன். ஐம்பத்தாறு நாள். கிடைக்கவில்லை. தாள் பத்திரமாக வந்து சேர்ந்தது என்று நீ எழுதிய பிறகு கண்ணாடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டான், "உங்க அக்காவுக்கு எப்ப சொல்லப் போறே?" என்று. அதோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

உறுதி எண் ஏன் ஒன்றாகவே இருக்கிறது என்று கேட்டாய். எனக்கு வேறு எண் தோன்றவில்லை. அது போன வருடக் கணக்குப் பரிட்சையில் எனக்குக் கொடுத்த பதிவெண். சார் இப்போது தேடிக்கொண்டிருப்பது அதைத்தான். அந்தப் பரிட்சையிலும் நான் தேறவில்லை, அக்கா.

தம்பி